ஒன்றே முக்கால் அடி

பதினோரு மணிக்குப் பெண் வீட்டார் வருவதற்குள் வீட்டை ஒன்றே முக்கால் அடி மேலே கொண்டுவர வேண்டும் என்பதால், தரணீதரன் ஜன்னல் வழியாகவே மூட்டைகளை எறிந்துகொண்டிருந்தான். பத்து மூட்டை போனால் வீடு ஒரு விரற்கடை எழும்பியது. அவன் அப்பா மாரப்பன் தெருவில் நின்று சுவரில் பென்சில் கோடு போட்டபடி, "இன்னும் வரோணும், இன்னும் வரோணும்" என்றார்.

எட்டு வருடமாக வீடு இறங்கிக்கொண்டிருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாரப்பன் தன் பனியன் கம்பெனியில் ரிஜக்ட் ஆன ஒரு பீஸைக்கூட வெளியே விடமாட்டார். காலர் கோணிய டீ-ஷர்ட், கை நீளம் பிசகியது, சாயம் திட்டாக விழுந்தது, எல்லாம் வீட்டுக்கு வரும். பரண் நிறைந்து, கட்டிலடி நிறைந்து, அவர் மனைவி சாரதாமணி சமையலறைக்கு ஒருக்களித்துத்தான் போவாள். மூத்த மகள் கீர்த்தனா காய்ச்சலில் போய்விட்ட அந்த வருடம்தான் வாசற்படி முதல்முறையாகத் தெருவுக்குக் கீழே போனது. வீடு பார்க்க வந்த இரண்டு பெண் வீட்டார் வாசலோடு திரும்பிவிட்டார்கள். தரணிக்கு முப்பத்து நான்கு. இன்று வருகிற சேவூர்க்காரர்களை விட்டால் வேறு ஜாதகம் இல்லை.

பத்தரைக்குள் நூற்று முப்பது மூட்டைகளும் பீரோவும் பழைய கிரைண்டரும் லாரியேறின. வீடு ஓரடி எழும்பி நின்றுவிட்டது. உள்ளே மிச்சம் நாலு நாற்காலியும், கூடத்துச் சுவரில் மாலை போட்ட கீர்த்தனாவின் படமும்தான். லோடுமேன் சுடலை படத்தைக் கழற்றப் போனான். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் அது ஆணியைவிட்டு அசையவில்லை.

"லாரியக்கூட தூக்கிரலாம் அண்ணாச்சி. இது நம்மால ஆகாது."

"அத்தனையும் எறிஞ்சீங்களே," என்றாள் சாரதாமணி புருஷனிடம். "இத மட்டும் ஏனுங்க முடியல?"

"வாய மூடிட்டுப் போய்க் காபியப் போடு."

பெண்ணின் அப்பா மருதாசலம் சொன்ன நேரத்துக்கு வந்து, தலை இடிக்காமல் குனிந்து இறங்கினார். உட்கார்ந்ததும் படத்தைப் பார்த்தார்.

"இது யாருங்க?"

"மூத்தவளுங்க. எட்டு வருசமாச்சு, காச்சல்ல போயிட்டா."

வீடு சட்டென்று மூன்று விரற்கடை இறங்கியது. டம்ளரில் காபி தளும்பியது. தரணி கண்ணை மூடிக்கொண்டான். மருதாசலம் அசரவில்லை, தளும்பிய காபியைத் துண்டால் துடைத்தார்.

"எங்கூடும் அரை அடி எறங்கித்தானுங்க இருக்குது. என்ற தங்கச்சி பாம்பு கடிச்சுப் போனதுல இருந்து. மூணு படி கட்டிக்கிட்டாப் போச்சுங்க."

தை மாதம் கல்யாணம் முடிந்தது. மூன்று படி கட்டி டைல்ஸும் ஒட்டியாயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குப் பூ மாற்றுவது மருமகள் வேலை. மழைத் தண்ணீர் வந்தால் வாளியில் இறைக்கிறார்கள்.

இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு லைன் வீட்டிலிருந்து, காலை எட்டேகாலுக்கு, டிபன் பாக்ஸோடு கீர்த்தனா ஷிஃப்டுக்குக் கிளம்புகிறாள். வண்டி ஓட்டுவது, எட்டு வருடம் முன்பு அவள் கட்டிக்கொண்ட கட்டிங் மாஸ்டர் இசக்கிமுத்து. அவர்கள் வாசற்படி தெருவைவிட நாலு விரற்கடை உயரத்தில்தான் இருக்கிறது.