பைக்குக் காவல்

தென்காசிக் கோயில் வாசலில் காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கியபோது, யாராவது பிடித்துக் கொடுப்பார்களா என்று முத்துச்செல்வி திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தானே இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

வாசுதேவநல்லூரில் இருந்து தனியாக வந்திருக்கிறாள். ஐம்பதை நெருங்கும் வயதில் இதுதான் முதல் தடவை. கல்யாண வீடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, நேர்த்திக்கடன் இல்லை, சும்மா வந்திருக்கிறாள். அந்தச் சும்மாவைப் புருஷனுக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏட்டு பாண்டிராஜ் வீட்டிலும் ஸ்டேஷன் மாதிரியே விசாரிப்பவர்.

"ஒத்தையில குத்தாலம் போயி என்ன செய்யப் போற?"

"குளிக்கப் போறேன்."

"அதான் வருசா வருசம் எல்லாரும் போவுதோம்லா?"

"நீங்க எல்லாரும் குளிக்கிய. நான் பை பாத்துக்கிடுதேன்."

ஏட்டையா அதற்குமேல் விசாரணையை நீட்டவில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. சீசன் வந்தால் வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் கிளம்பும். அருவிக்கரையில் செல்போன், வாட்ச், மூக்குக்கண்ணாடி, மாற்றுத்துணி எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். புதுப்பெண்ணாக வந்த வருசம் கையில் கொடுத்த பையை அப்புறம் யாரும் திருப்பி வாங்கவில்லை. "மதினி இருக்காள்லா, குடுத்துட்டு வாங்க" என்று அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் முறை வரும்போது ஏதாவது ஒரு பிள்ளைக்குப் பசிக்கும். இல்லையென்றால் வேன்காரர் ஹாரன் அடிப்பார்.

கோயிலில் இருந்து மார்க்கெட்டுக்குப் போனாள். ஒன்றும் வாங்காமல் மார்க்கெட்டைச் சுற்றலாம் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. மல்லிகைப்பூவை மோந்து பார்த்தாள். வாழைத்தார் ஏலத்தை, ஏதோ தானே கேட்கப்போவது போல, கடைசிவரை நின்று பார்த்தாள். "என்னக்கா வேணும்?" என்ற காய்கறிக்காரரிடம், "பாக்க வந்தேன்" என்றாள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

குற்றாலத்தில் சாரல். ரம்புட்டானைத் தோலுரித்துத் தின்றுகொண்டே பேரருவிப் படிக்கட்டு வரை வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. தனியாக வந்திருக்கிறாளே, இவள் பையை யார் பார்த்துக்கொள்வது? ஊரார் பையை எல்லாம் காத்தவளுக்கு இது தோன்றவே இல்லை!

யோசிப்பதற்காகப் படியில் உட்கார்ந்தாள். அதுதான் தப்பு. மடியில் பையை அணைத்து அவள் உட்கார்ந்த தோரணையிலேயே பழகிய கை என்று தெரிந்துவிட்டது போல. "அக்கா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று ஒரு பெண் தன் பையைப் பக்கத்தில் வைத்தாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சரி, போயிட்டு வாங்க" என்றுதான் வந்தது. அடுத்து இன்னொரு குடும்பம், இரண்டு பைகள். மலையில் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார். முத்துச்செல்விக்கு அழுகை முட்டியது.

"நீங்க குளிக்கலியா?"

பக்கத்துப் படியில், பைகளுக்கும் இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவில் ஒரு பெண். கடையநல்லூர், பெயர் ரஹ்மத்துன்னிசா.

"பையை யாரு பாக்க?" என்றாள் முத்துச்செல்வி.

"நான் இருக்கம்லா. எல்லாத்தையும் இங்கன தள்ளிட்டுப் போங்க, விசில் ஊதிருவான்."

"அப்போ நீங்க?"

"எனக்கு இது பழகிப்போச்சு."

பெண்கள் பகுதியில் யாரோ ஒருத்தி கைகொடுத்து உள்ளே இழுத்துவிட்டாள். தலையில் விழுந்த தண்ணீர், வீடு வாசல் புருஷன் பிள்ளை என்று எதையும் நினைக்க விடவில்லை. முதுகைப் போட்டு அடித்தது. ஓவென்று கத்தினாள்; அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. இத்தனை வருசமாக இதையா எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தோம் என்று ஆத்திரமாகவும் வந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. சாயங்காலம் வரை நிற்கலாம். ஆனால் பழகிப்போச்சு என்ற அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "எந்திரிங்க. இப்போ நீங்க போங்க."

"அய்யோ, நான் மாத்துத்துணியே எடுத்துட்டு வரலியே."

எடுத்து வரவேண்டும் என்றே தோன்றாத அளவுக்குப் பழகியிருந்தது. முத்துச்செல்வி தன் பையிலிருந்த உலர்ந்த சேலையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "இதைக் கட்டிக்கிடுங்க. நான் இப்படியே பஸ் ஏறிருவேன்."

ரஹ்மத்துன்னிசா மலையைப் பார்த்தாள், போலீஸ்காரரைப் பார்த்தாள். பிறகு சேலையைத் திரும்ப முத்துச்செல்வி கையில் திணித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்; படியிறங்கும்போது ஓடவே செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு ரஹ்மத்துன்னிசாவின் புருஷன் வந்தார். தங்கள் பைகளுக்கு நடுவே யாரோ ஒரு பெண் நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தார்.

"இங்கன எங்க வீட்டுல இருந்தாங்களே?"

முத்துச்செல்வி அருவியைக் காட்டினாள். "குளிக்காங்க."

"குளிக்காளா?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வெள்ளையாய்க் கொட்டும் தண்ணீருக்குள் எல்லாப் பெண்களும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். எந்தப் பையில் கண்ணாடி இருக்கும் என்று முத்துச்செல்விக்குச் சொல்லவா வேண்டும், பக்கவாட்டுப் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அப்படியே ஒரு பையையும் நீட்டினாள்.

"அண்ணாச்சி, இதைப் பிடிங்க. அவங்க வர நேரமாவும்."

வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். மடியில் வைத்தார், பக்கத்தில் வைத்தார், மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சாரல் கண்ணாடியை நனைத்துக்கொண்டே இருந்தது. அவர் துடைத்துத் துடைத்துப் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.