நெஞ்சுயரக் கோல்

என்னைப் பார்த்து யாராவது ‘பாவம்’ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பத்தொன்பதில் ஒரு பிரசவம் பார்க்கப் போகும் வழியில், வீதிக்குக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த மரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் மோதியது. நான் போய்ச் சேராமலே அந்தப் பிள்ளை சுகமாகப் பிறந்துவிட்டது. எனக்குத்தான் முதுகில் கம்பி வைத்தார்கள். அன்றிலிருந்து குனிய முடியாது.

எல்கடுவைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, ஒன்பது குழிகளோடு எங்கள் கொல்ஃப் கிளப் இருந்தது. இரண்டு சுற்று ஆடினால் பதினெட்டு. தூர அடிகளை நிமிர்ந்து நின்றபடியே பாதி வீச்சில் அடிக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் பந்து குழிக்குக் கிட்டப் போனபிறகு அதை மெல்லத் தள்ளுகிற ‘பட்டர்’ என்ற கோல் இடுப்புக்குக்கூட வராது. குனியாமல் அதைப் பிடிக்க வழியே இல்லை.

லண்டனில் இருக்கும் என் தம்பி ஒரு சஞ்சிகை அனுப்பியிருந்தான். அதில் ஒரு கிழவர் நெஞ்சுயரக் கோலை மார்பில் ஊன்றி, நிமிர்ந்து நின்று பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே தேயிலை ஃபெக்டரிக்குப் போனேன். அங்கே ஃபிட்டராக இருந்த நுஹ்மான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பழைய பட்டரைத் தாங்க டொக்டர். தலைய வெட்டி நீளக் குழாயில ஒட்டித் தாறேன்” என்றார். நாலாம் நாள் கோல் கைக்கு வந்தது. ஒரு மாதம் வீட்டு முற்றத்தில் பழகினேன்.

தொண்ணூற்று மூன்றில் வருடாந்தக் கிண்ணப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோதுதான் வம்பு தொடங்கியது. கிளப்பின் கெப்டன் ஆறுமுகநாதன், ஓய்வு பெற்ற நீர்ப்பாசன இஞ்சினியர். பிடித்தால் விடாத மனுஷன். கமிட்டியில் என் கோலை மேசைமேல் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“கை நடுங்கணும் டொக்டர். அந்த நடுக்கத்த அடக்கிப் பந்தத் தள்ளணும். அதுதான் விளையாட்டு. கோல நெஞ்சில ஊன்றிட்டா நடுக்கம் எங்க இருக்கு? அதோட, தண்ணிக் கானுல விழுந்த பந்த வெளிய எடுத்துப் போட ஒரு கோல் நீளம் அளக்கிறோம். மத்தவங்க கோலவிட உங்க கோல் நீளம். உங்களுக்கு மட்டும் கூட இடம் கிடைக்கும்.”

“இந்தக் கோலால அளக்க மாட்டேன். என் வார்த்தை” என்றேன். “மத்தபடி, நெஞ்சில ஊன்ற விதிப் புத்தகத்தில தடை இருந்தா காட்டுங்க.”

புத்தகத்தில் தடை இல்லை. பிறகு ஒரு கமிட்டி உறுப்பினர் தேன் தடவிய குரலில், இந்த வருஷம் நான் பிரதம விருந்தினராக வந்து கிண்ணத்தை என் கையால் கொடுத்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோலை அவர் தலையிலேயே பரீட்சித்திருப்பேன். “நான் விளையாட வந்தேன், சேலை உடுத்திக் கிண்ணம் நீட்ட வரல்ல” என்றேன்.

கடைசியில் கெப்டன் கிளப் புத்தகத்தில் எழுதினார்: ‘டொக்டர் பாலேஸ்வரிக்கு மட்டும், அவரது உடல்நிலையைக் கருதி, இவ்வருடம் மட்டும், நீளக் கோல் அனுமதிக்கப்படுகிறது.’

“உறுப்பினர் எவரும் பாவிக்கலாம்னு எழுதுங்க” என்றேன்.

“எவரும்னா நாளைக்கு எல்லாரும் தூக்கிட்டு வருவாங்க.”

“வரட்டுமே.”

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். அனுமதி கிடைத்தும் எனக்கு ஆறவில்லை. கேட்டது ஒரு விதி, கிடைத்தது ஒரு பிச்சை.

அந்தப் பிச்சைக் கோலோடு நான் மூன்று பேரைத் தோற்கடித்தேன். இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே நின்றவர் கெப்டனேதான்.

குறைந்த அடியில் யார் முடிக்கிறார் என்று குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கிற ஆட்டம் அது. பதினாறு குழி முடிந்தபோது நான் ஒரு குழி முன்னால் நின்றேன். பதினேழாவதில் என் பந்து தேயிலைக் கானுக்குள் விழுந்தது. என் பையைத் தூக்கி வந்த வேலாண்டி பந்தை எடுத்து, இடம் அளந்து, அடையாளம் குத்தித் தந்தார். நான் மரக்கிளைகளுக்கு ஊடே, குழியில் நட்டிருக்கும் கொடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலிருந்து அடித்த பந்து அழகாகப் போய்க் குழிக்கருகே நின்றது. அந்தக் குழியும் எனக்கு. மிச்சம் ஒரு குழிதான், நான் இரண்டு முன்னால். ஆட்டம் முடிந்தது, கிண்ணம் என் கையில். கெப்டன் கை கொடுக்க வந்தார்.

அப்போதுதான் என் நீளக் கோலைப் பார்த்தேன். தலை முதல் நுனி வரை செம்மண் அப்பியிருந்தது.

“வேலாண்டி, எதால அளந்தீங்க?”

அவர் கோலைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. “புதுத் தேயிலை நடுறப்ப நான்தாங்க மலையில கம்பு புடிச்சுக் குழிக்கு இடம் அளக்குறது. இந்தக் கோலும் அந்தக் கம்பு அளவுதாங்க. கை தானா அத எடுத்துருச்சுங்க டொக்டரம்மா.”

அவரைத் திட்ட வாய் வந்தது. ஆனால் பார்க்க வேண்டியவள் நான். ஒரு சாண் கூடக் கிடைத்திருந்தது. அந்த ஒரு சாண் இல்லையென்றால் என் பந்துக்கு முன்னால் சவுக்கு மரம் நின்றிருக்கும்.

“இந்தக் குழி உங்களுக்கு, கெப்டன்” என்றேன்.

“சட்டத்தில அது தப்பில்லையே.”

“சட்டத்தில இல்ல. நான் உங்களுக்குத் தந்த வார்த்தையில தப்பு.”

அவர் பதினெட்டாவதை நோக்கி நடந்தார். இப்போது இருவரும் சமம்.

கடைசிக் குழியில் நான் ஐந்து அடியில் முடித்தேன். அவர் நாலு அடித்திருந்தார், அவருடைய பந்து குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது. அதைப் போட்டால் சமம், ஆட்டம் தொடரும். எங்கள் கிளப்பில் இப்படிக் கிட்டக் கிடக்கிற பந்தை எதிராளி அடிக்க வைக்கமாட்டார். “எடுங்க, தந்துட்டேன்” என்பார். அது பெரிய மரியாதை. இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான் நடக்கும். கெப்டன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அவர் தேத்தண்ணியைக் கோப்பையில் குடிப்பதில்லை, பெரிய மக்கில் இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். வலது பெருவிரல் சும்மா இருக்கும்போதே ஆடும். டொக்டருக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கமிட்டியில் நடுக்கம், நடுக்கம் என்று அவர் ஏன் அடித்துக்கொண்டார் என்பதும் எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

‘எடுங்க’ என்ற சொல் தொண்டை வரை வந்தது. எனக்கு அவர்மேல் இரக்கமாகவே இருந்தது. என்மேல் இதே இரக்கத்தைக் காட்டி எழுதிவைத்த கிளப் புத்தகமும் ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் குனிந்தார். கோல் பந்துக்குப் பின்னால் ஆடியது. ஒருமுறை விலகி நின்று, மூச்சு விட்டு, மறுபடி குனிந்தார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வெளியே வந்து நின்றது. கிண்ணம் எனக்கு.

கிளப் வராந்தாவில் நாலு பேர் கை தட்டினார்கள். “அவர் வயசுக்கு அத நீங்க விட்டிருக்கலாம் டொக்டர்” என்று ஒருவர் என் காதுபட முணுமுணுத்தார். கெப்டனுக்கும் அது கேட்டது.

“எனக்கு யாரும் தர வேணாம்” என்றார் அவர். “டொக்டருக்கு அது தெரியும்.”

உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னாலேயே விரித்தார். என் பெயரை வெட்டினார். உடல்நிலையை வெட்டினார். இவ்வருடம் என்பதை வெட்டினார். மேலே, வெகுநேரம் எடுத்து, ‘உறுப்பினர் எவருக்கும்’ என்று எழுதினார். எழுத்துக்கள் கோட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டு போயின. எழுதி முடித்து, இரண்டு கையாலும் புத்தகத்தைத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார்.