தெற்கே திரும்பிய கார்

எங்கள் நியூரி ஊரில் கடை வைத்திருப்பவன் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் வந்த காரின் நம்பர் பலகையைப் பார்த்துவிடுவான். எல்லைக்குத் தெற்கே, டப்ளின் ஆளும் நாட்டிலிருந்து வருகிறவரா, வடக்கே லண்டன் ஆளும் நம்மவரா என்று தெரிந்தால்தான் யூரோவில் பேசுவதா பவுண்டில் பேசுவதா, எதுவரை இறங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும். என் அப்பா எனக்குக் கொடுத்த ஒரே படிப்பு அது. அன்று துணை அமைச்சரின் கார் எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் கவனித்ததும் அதனால்தான்.

லண்டன் கருவூலத் துறையிலிருந்து வந்திருந்தார் அந்தத் துணை அமைச்சர், தோர்லி. டவுன் ஹாலில் கூட்டம். பேச வேண்டியவை இரண்டு: விமானப் பயண வரி, அரசு வயதைக் கூட்டியதால் ஓய்வூதியம் தள்ளிப்போன பெண்களுக்கு இழப்பீடு. முதலில் ஹோட்டல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெல்ஃபாஸ்டில் ஏறினால் தலைக்கு இவ்வளவு வரி, எல்லை தாண்டி டப்ளினில் ஏறினால் ஒரு காசு கிடையாது, பிறகு எவன் இங்கே வருவான் என்று கத்தினார்கள். நம் மண்ணிலிருந்து பறப்பவர் நம் நாட்டுக்குத் தருவதில் ஒரு பெருமை இருக்கிறது என்றார் தோர்லி. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெல்ஃபாஸ்டில் விமானம் காத்திருக்கிறதாம். பெண்களின் முறை வரவே இல்லை.

மூன்றாவது வரிசையில் எழுந்து நின்ற ப்ரோனா மகெனிஸ் நின்றபடியே இருந்தாள். என் கடைக்கு அடுத்த வீட்டுக்காரி. பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். அறுபதில் ஓய்வூதியம் வந்துவிடும் என்று நம்பி, படுத்த படுக்கையான தாயைப் பார்த்துக்கொள்ள முன்னதாகவே வேலையை விட்டாள். ஓய்வூதிய வயது அறுபத்தாறாக மாறியது அவளுக்குத் தெரியவந்தபோது வேலையும் இல்லை, பணமும் இல்லை. வீட்டை அடகு வைத்துச் சாப்பிட்டாள். இப்போது ஓய்வூதியம் வருகிறது. அதை வட்டி விழுங்குகிறது.

அந்த வீட்டைத்தான் நான் விலைக்குக் கேட்டிருந்தேன். கீழ்த்தளம் எனக்குக் கிடங்காகும். கூட்டத்துக்கு மறுநாள் மதியத்துக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். இழப்பீடு உண்டென்றால் கடனை அடைத்துவிட்டு அங்கேயே இருப்பாள். இல்லையென்றால் எனக்குத் தருவாள்.

வாசலில் நின்று பார்த்தேன். பெல்ஃபாஸ்ட் போகிறவன் வடக்கே போக வேண்டும். தோர்லியின் கார் தெற்கே திரும்பியது.

“ப்ரோனா, உங்க ஆளு டப்ளினுக்குப் போறாரு.”

“அவருதான் பெல்ஃபாஸ்ட்னாரே.”

“வரி இல்லாத பக்கமா போறாரு. நம்ம ஊர்க்காரன் மாதிரியே.”

கைப்பையைத் தோளில் மாட்டினாள். “வேன எடுடா மலக்கி.”

நான் ஏன் சாவியை எடுத்தேன்? இரக்கம் என்று நினைக்க வேண்டாம். பேரத்தில் நஷ்டம் வந்தால் தாங்குவேன். முடியாமல் தொங்கும் பேரத்தைத் தாங்கமாட்டேன்.

எல்லை தாண்டி, டண்டாக் ஊர் வரை வேகமாகப் போனோம். அதற்கப்பால் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. அவள் கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி விட்டாள்.

“உள்ள போயிட்டாருன்னா? டிக்கெட் இல்லாம நம்மள விடமாட்டாங்களே.”

“வரிசை நீளமா இருக்கும்.”

“அமைச்சருக்கு எதுடா வரிசை?”

“இது வேற நாடு. இங்க அவரு யாரோ.”

“நான் என்ன கேக்கப்போறேன்னு மறந்துரும்போல இருக்கு.”

“எனக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதான்னு கேளுங்க.”

“உனக்கு அது சிரிப்பா இருக்கு.”

எனக்கும் சிரிப்பு வரவில்லை. சுங்கச்சாவடியில் சில்லறை கை தவறி விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

விமான நிலையத்தில் வேனை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினோம். அவள் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி கொடுக்கும் வரிசையில், பத்துப் பேருக்குப் பின்னால், தோர்லி பொட்டலத்தைப் பிரித்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தார். கூட ஓர் உதவியாளன்.

“ஐயா, பெல்ஃபாஸ்ட் விமானம் இங்கேருந்தா கிளம்புது?” என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். உதவியாளன்தான் முந்திக்கொண்டான். “டிக்கெட் ஆபீஸ்ல போட்டாங்க. விலை கம்மியா இருந்துச்சு, அவ்வளவுதான்.”

“ஏன் கம்மின்னு ஹோட்டல்காரங்க ஒரு மணி நேரமா சொன்னாங்களே.”

வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி ஃபோனை எடுத்தாள். தோர்லியின் காது சிவந்தது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவார் என்று நான் வாயைத் திறந்தேன். ப்ரோனா என் முழங்கையை அழுத்தினாள்.

“அது உங்க ரெண்டு பேரு வியாபாரம். எனக்கு ஒரு கேள்விதான். இழப்பீடு உண்டா, இல்லையா?”

“அம்மா, அது பரிசீலனையில இருக்கு. அமைச்சரவை எல்லா அம்சங்களையும்...”

“இவன் நாளைக்கு மதியம் என் வீட்ட வாங்குறான். பரிசீலனை அதுக்குள்ள முடியுமா? விக்கட்டுமா, வேண்டாமா? உங்க அம்மாவா இருந்தா என்ன சொல்லுவீங்க?”

வரிசை ஓரடி நகர்ந்தது. அவர் நகரவில்லை. பொட்டலத்தை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார். உண்டென்றால் என் கிடங்கு போச்சு. தோர்லி குனிந்து, உதவியாளனுக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“காத்திருக்கச் சொல்லமாட்டேன்.”

அவள் தலையசைத்தாள். நன்றி கூடச் சொன்னாள்.

திரும்பும் வழியில் டிராஹெடா ஊர் வரை விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஜெயித்தவன் நான், ஆனால் ஜெயித்ததுபோல இல்லை.

“நீ சொன்ன விலைக்கு இல்லடா,” என்றாள் திடீரென்று. “அதுக்கு மேல பாதி. மாடியில தெருப்பக்க அறை நான் சாகிற வரைக்கும் எனக்கு. வாடகை கிடையாது.”

“நேத்து விலையப் பத்தி வாயே திறக்கலியே?”

“நேத்து விக்கிற எண்ணமே இல்ல. விக்காத பொருளுக்கு எதுக்கு பேரம்?”

“கால்வாசி ஏத்துறேன்.”

“பாதி.”

“மூணுல ஒரு பங்கு. அறை இல்லாம.”

“அறை இல்லைன்னா இங்கயே இறக்கி விடு.”

“நெடுஞ்சாலைங்க இது.”

“நடப்பேன்.”

அந்த முழங்காலோடு நடந்தும் இருப்பாள். எல்லை தாண்டியதும் மூன்றில் ஒரு பங்கும் அறையும் என்று ஒத்துக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் என்னைக் கடையை விட்டே துரத்தியிருப்பார்.

மறுவாரம் பேப்பரில் தோர்லி பேசியிருந்தார்: இழப்பீடு பரிசீலனையில் இருக்கிறதாம், முடிவானதும் தபாலில் கடிதம் வருமாம். ப்ரோனா, தன்னைப் போல இழப்பீடு கேட்கும் கூட்டாளிகளிடம் விமான நிலையத்தில் கேட்டதை அப்படியே சொன்னாள். “அமைச்சர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார், உனக்குக் காது சரியில்ல,” என்றாள் அவர்களில் ஒருத்தியான நுவாலா. மற்றவர்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

இப்போது வியாழக்கிழமைகளில் மாடியறையில்தான் கூடுகிறார்கள். கீழே நான் மாவு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். தெருவில் தபால் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் போதும், என் தலைக்கு மேலே நாற்காலிகள் ஜன்னல் பக்கம் கிறீச்சிட்டு நகரும். எல்லா நாற்காலிகளும். ப்ரோனாவினுடையதும்.