மூன்று பேருக்கான தண்ணீர்

மாடியில் வெந்நீர் வராமல் போன அன்று காலை, தம்பி கீழே இறங்கி வந்து அக்காவின் சமையலறை வாசலில் நின்றான். கையில் ஹீட்டருக்குள்ளிருந்து கழற்றிய கம்பிச்சுருள். சொன்னால்தான் அது கம்பி என்று தெரியும். விரல் பருமனுக்கு வெள்ளையாகக் காரை ஏறிப்போயிருந்தது.

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பல் மருத்துவரிடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அடுத்தவர் பல்லில் படிந்த காரையோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போயிருந்தது.

"இவ்வளவு காரை ஏறியிருந்தா எங்க டாக்டர் பல்லையே பிடுங்கியிருப்பாரு," என்றாள்.

"மெக்கானிக்கும் அதத்தான் சொன்னான். ஹீட்டர தூக்கிப் போடுங்க, அதுக்கு முன்னாடி தண்ணிய சரி பண்ணுங்கன்னான். தண்ணியோட கடினத்தக் குறைக்கிற வாட்டர் சாஃப்ட்னர் வைக்கணுமாம்."

"வச்சுக்கோ. என்கிட்ட எதுக்கு வந்து நிக்கிற?"

"தெருக் குழாய் உன் பக்கமாத்தானே உள்ள வருது. மெஷின உன் துணி துவைக்கிற இடத்துலதான் வைக்க முடியும்."

அப்பா கட்டிய வீடு அது. அம்மா போன பிறகு கீழே அக்கா தனியாக இருந்தாள். மாடியில் தம்பியும் அவன் மனைவியும். சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. பேச்சுதான் வரவர சுருங்கி, வாசல் விளக்கை யார் அணைப்பது, குப்பையை யார் வெளியே வைப்பது என்கிற அளவில் வந்து நின்றிருந்தது. அவன் அவளுடைய சமையலறைக்குள் வந்து உட்கார்ந்து பல காலம் ஆகிவிட்டது. இப்போதும் வாசல்படியில்தான் நின்றான்.

"எனக்கு இதெல்லாம் வேணாம். பிறந்ததுல இருந்து இதே தண்ணியிலதான் குளிக்கிறேன். ஒண்ணும் தேஞ்சு போயிடல," என்றாள் அக்கா. பிறகு, "சரி, இடம்தானே. வந்து பாக்கச் சொல்லு," என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். சீருடைச் சட்டை, தோளில் கருவிப் பை, பேச்சில் நிதானம். குழாயில் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து, ஏதோ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிவப்பாக இருந்த தண்ணீர் நீலமாக மாற வேண்டுமாம். எத்தனை சொட்டுக்கு மாறுகிறதோ அவ்வளவு கடினம். அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

"விட்டா பாட்டிலையே காலி பண்ணிடும் போல," என்றாள் தம்பியின் மனைவி.

ஒருவழியாக நீலமானது. அந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ரொம்ப கடினமான தண்ணிதான். எந்த சைஸ் வைக்கணும்னு பாக்கணும். வீட்ல எத்தனை பேர்?"

"மூணு," என்றாள் அக்கா.

"ஏழு," என்றான் தம்பி.

இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டார்கள். கடைப்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருடா ஏழு?" என்றாள் அக்கா.

"நாம மூணு பேர். அப்புறம் எம் பிள்ளைங்க, பெரியவன், சின்னவன், பொண்ணு, மாப்பிள்ளை."

"பெரியவன் வெளியூர் போய் எத்தனை வருஷம் ஆச்சு? சின்னவன் போன தடவ வந்தப்ப ஹோட்டல்ல தங்கினான். பொண்ணு வர்றதே எப்பவோ ஒரு தடவை."

"வந்தா குளிக்க மாட்டாங்களா? பெரிசாவே வாங்கிப் போட்டுட்டா நாளைக்குக் கவலை இல்ல. பெருசு எதுவும் வீணாப் போகாது."

கடைப்பெண் தலையசைத்து மறுத்தாள். "இதுல அப்படி இல்ல சார். உள்ள கடுகு மாதிரி சின்னச் சின்ன மணிங்க இருக்கும். அதுதான் காரையப் பிடிச்சு வச்சுக்கும். நிறைஞ்சதும் உப்புக் கரைசல விட்டு மெஷின் தன்னையே கழுவிக்கும். ஆளுக்கு மிஞ்சின மெஷின வச்சா, தண்ணி உள்ளயே தேங்கி நிக்கும், எப்பவாவதுதான் கழுவும், நாத்தம் கூட வரலாம். ரொம்பச் சின்னதா வச்சா ஓயாம கழுவிக்கிட்டே கிடக்கும், உப்பும் தண்ணியும் தண்டம்."

"இரும்மா," என்றாள் அக்கா. "உப்புத்தண்ணிய சரி பண்ண உப்பு வாங்கிப் போடணுமா?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்கே கதை."

தம்பியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு வாரம் மீட்டரப் பாருங்க," என்றாள் கடைப்பெண். "நிஜமா எவ்வளவு ஓடுதுன்னு தெரிஞ்சா சைஸ் தானா தெரிஞ்சுடும். யார் எப்ப குளிக்கிறாங்க, வாஷிங் மெஷின் எப்ப ஓடுது, அதையும் யோசிச்சு வைங்க."

அவள் போன பிறகும் மூவரும் அங்கேயே நின்றார்கள். தம்பி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தான்.

"யார் எப்ப குளிக்கிறாங்கன்னு கேட்டுட்டுப் போகுது பாரு," என்றான். "அப்பா காலத்துலயே கேட்டிருக்கணும். ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை."

"அப்பா முதல்ல," என்றாள் அக்கா. "சோப்பு நுரைக்கலன்னு திட்டிக்கிட்டே குளிப்பாரு. கடைக்காரன் சோப்புக்குப் பதிலா செங்கல்ல வெட்டிக் கொடுத்துட்டான்னு."

"அப்புறம் சின்ன மாமா. உள்ள போனா வெளிய வர மாட்டாரு. பாட்டு வேற. அம்மா கரண்டியால கதவத் தட்டுவாங்க."

"அவரு நடுவுல வரி மறந்துட்டா வரிசையில நிக்கிற நாம எடுத்துக் கொடுக்கணும்."

"இல்லன்னா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். தம்பியின் மனைவிக்கு இதெல்லாம் கேட்ட கதைதான் என்றாலும், இருவர் வாயிலிருந்தும் ஒன்றாகக் கேட்டதில்லை. அவள் உள்ளே போய் அக்காவின் அடுப்பில் டீ போட்டுக்கொண்டு வந்தாள். எந்த டப்பாவில் சர்க்கரை என்று கேட்கவில்லை. அக்கா அதைக் கவனித்தாள்.

"என் முடிதான் பாவம்," என்றாள் அக்கா. "இடுப்பு வரைக்கும் இருந்துச்சு. இந்தத் தண்ணில அலசினா தேங்கா நார் தோத்துச்சு. மழ பெஞ்சா மட்டும்தான் எனக்கு விடிவு. அம்மா மறக்காம அண்டாவக் கொண்டு போய் வெளிய வச்சுடுவாங்க."

"அம்மாவா?" என்றான் தம்பி.

"பின்ன?"

அவன் டீயை ஊதினான். மனைவிதான் சொன்னாள். "அண்டாவ இழுத்துட்டுப் போனது இவருதான் அண்ணி. நடு மழையில நனைஞ்சுக்கிட்டு வைப்பாராம், காய்ச்சல் வந்து படுத்தாராம். கல்யாணமான புதுசுல சொன்னாரு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். வழுக்கை ஏறிய தலை, பஸ் ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப் போன கை. அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அந்த அண்டா என்ன கனம் கனக்கும்," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"உருட்டிட்டுத்தான் போவேன்," என்றான் அவன்.

அந்த வாரம் முழுக்க மீட்டர்தான் பேச்சு. காலையில் அக்கா வாசலுக்குப் போய் எண்ணைப் பார்த்து மாடியை நோக்கிக் குரல் கொடுப்பாள். ஒருநாள் கூடுதலாக ஓடியிருந்தது. "என்னடா, பஸ்ஸ கொண்டு வந்து வீட்ல கழுவினியா?" என்று கேட்டாள். போர்வைகளைத் துவைத்ததை மனைவி ஒப்புக்கொண்டாள். கொஞ்ச நாளாய் மூட்டுவலி என்று மாடியேறாமல் இருந்த அக்கா, எண்ணைச் சொல்லும் சாக்கில் இரண்டு முறை ஏறியும் போனாள்.

வார நடுவில் பெரியவன் போனில் பேசினான். விடுமுறைக்கு வர முடியாதாம். தம்பி 'சரிப்பா', 'பரவால்லப்பா' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்தான். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சின்னதே போதும்க்கா," என்றான். "நீ சொன்னதுதான் சரி. மூணு பேர்தான்."

தான் ஜெயித்த மாதிரியே அக்காவுக்குத் தோன்றவில்லை. "ஒரு சைஸ் கூடவே வாங்குடா. பிள்ளைங்க ஒரு நாள் இல்லன்னா ஒரு நாள் வருவாங்க," என்றாள்.

"அன்னிக்கு நீதானே மூணுன்னு சொன்ன?"

"அன்னிக்குச் சொன்னேன்."

கடைப்பெண் மறுபடி வந்தபோது அக்கா பெரியதற்கும், தம்பி சின்னதற்கும் வாதாடினார்கள். அவள் மீட்டர் கணக்கைப் பார்த்தாள். "சின்ன சைஸே தாராளம். இது எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு பாத்துத் தானே கழுவிக்கிற மெஷின். பிள்ளைங்க வந்தா வாரத்துக்கு ஒரு தடவைக்குப் பதிலா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ கழுவிக்கும். அவங்க போனதும் பழையபடி ஆயிடும். வராத நாளுக்கெல்லாம் சேர்த்து இப்பவே வாங்க வேணாம்."

தம்பி, "அப்ப சரி," என்றான். அவன் முகம் தெளிந்ததை அக்கா பார்த்தாள்.

மெஷின் வந்த மறுநாள் அக்கா குளிக்கப் போனாள். சோப்பு பொங்கிக்கொண்டு நுரைத்தது. எத்தனை சொம்பு ஊற்றினாலும் உடம்பில் வழவழப்புப் போகவில்லை. தலையைத் துவட்டியபடி வெளியே வந்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சோப்பு போகவே மாட்டேங்குதே, உங்களுக்கும் இப்படித்தானா?"

"அது சோப்பு இல்லையாம் அண்ணி, தண்ணியே அப்படித்தானாம்," என்று மேலிருந்து குரல் வந்தது. "இவரு உள்ள போய் அரை மணி நேரம் ஆச்சு, இன்னும் அலசிக்கிட்டே இருக்காரு. பாட்டு வேற."

அக்கா காது கொடுத்துக் கேட்டாள். குளியலறை ஜன்னல் வழியாக, சுருதியே இல்லாமல், சின்ன மாமாவின் பழைய பாட்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றது. வரி மறந்துவிட்டான். அவள் கீழிருந்தே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேற்கொண்டு பாடினான்.

உப்பு மூட்டையைத் தூக்கிக் கொட்டுவது தம்பியின் வேலை என்றானது. கொட்டிவிட்டுச் சும்மா போக முடியுமா, உட்கார்ந்து ஒரு டீ குடிப்பான். சில நாள் உப்பு நிறைய இருக்கும்போதே மூடியைத் திறந்து பார்க்க வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா படியடியில் நின்று மேலே பார்த்துச் சொன்னாள்:

"இன்னிக்கு மேல அடுப்பு மூட்டாதம்மா. மூணு பேருக்கும் இங்கயே வச்சுடுறேன்."