ஒன்பது பொத்தான்கள்

கணையத்தில் புற்று என்று தெரிந்ததும் என் கணவன் இரெக் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார முடியுமா என்பது. மருத்துவர் புரியாமல் என்னைப் பார்த்தார். "நாலு மணி நேரம், நாற்காலியில," என்று நான் விளக்கினேன். வசந்தம் வரை முடியலாம் என்றார்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நண்பர்கள் நாங்கள் நால்வரும் செவெரின் வீட்டில் கதை விளையாட்டு ஆடக் கூடுவோம். பதினான்கு வருடப் பழக்கம். செவெரின் கதையை நடத்துவான். இரெக், கிங்கா, நான் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். நினைத்த காரியம் நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பகடை கைவிட்டால் இன்னொரு முறை உருட்ட ஒரு வழி உண்டு. அதுதான் பொத்தான். செவெரினின் அம்மா வேலை பார்த்த தையல் ஆலை மூடப்பட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்த தகர டப்பா நிறையப் பொத்தான்கள் இருந்தன. நன்றாக ஆடியவருக்குக் கதை நடத்துபவர் அதிலிருந்து ஒன்று தருவார். எங்கள் போலிஷ் பேச்சில் "உனக்குப் பொத்தான்" என்றால் உனக்கு ஒன்றும் கிடையாது என்று அர்த்தம். அந்தக் குறும்புக்காகவே இரெக் அதைத் தேர்ந்தெடுத்தான்.

விதியும் அவன் எழுதியதுதான். ஆரம்ப வருடங்களில் அவனே கதை நடத்தினான். சிரிக்க வைத்தால் பொத்தான் கிடையாது. சாமர்த்தியத்துக்கும் கிடையாது. தோற்போம் என்று தெரிந்தும் தன் பாத்திரம் எதைச் செய்யுமோ அதையே செய்தவருக்கு மட்டும்தான். வருடத்துக்கு மூன்று கொடுத்திருந்தால் அதிகம். ஒருமுறை எனக்கு ஒன்று கிடைத்தது. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தும், கோட்டுப் பையில் அதை ஒரு வாரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

நோய் வந்த பிறகு எல்லோரும் அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். டிராம் பணிமனையில் அவனோடு வேலை செய்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவன் அண்ணன் கால்பந்து பற்றிச் சண்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டான். "அந்த மேசையில மட்டும்தான் நான் இன்னும் தோக்க முடியும்," என்று இரெக் ஒரு நாள் சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னான். காதில் விழுந்தது. மனதுக்குள் போகவில்லை.

அவனுடைய பாத்திரத்தின் பெயர் டோபெக். சதுப்பு நிலத்தைக் கடந்து உப்பு கொண்டுபோகிற படகோட்டி. பொய் சொல்லத் தெரியாதவன். அந்தக் குளிர்காலக் கதையில் தப்பியோடும் ஆறு பேரை உப்புக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோனான். ஜனவரியில் ஒரு ஞாயிறு, உடைகிற பனிக்கட்டியின் மேல் டோபெக் நின்றான். இரெக் பகடையை இரண்டு கையாலும் பிடித்து உருட்டினான். அன்று டோபெக் பிழைத்துவிட்டான். ஆனால் மறுநாள் நான் செவெரினின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"டோபெக் சாகக் கூடாது, செவெரின்."

"பகடையை நானா உருட்டறேன்?"

"பொத்தான் உன் கையிலதானே இருக்கு."

அவன் ஒரு கண்ணாடியை வெகுநேரம் துடைத்தான். "கண்டுபிடிச்சிருவான், பொக்னா. விதியை எழுதினவனே அவன்தான்."

"மாத்திரை போட்டுட்டுப் பாதி நேரம் தூங்கறான். எங்க கண்டுபிடிக்கப் போறான்?"

இதைச் சொன்னவள் நான். என் புருஷனைப் பற்றி.

செவெரின் சம்மதித்தான். கிங்காவிடம் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரி, வாயில் எதுவும் நிற்காது. பிப்ரவரி முழுக்க டோபெக் துடுப்பை நன்றாகத் துடைத்தான், ஒரு பொத்தான். நாய்க்கு ரொட்டி போட்டான், ஒரு பொத்தான். மாதக் கடைசி ஞாயிறு, சத்திரக்காரிக்கு டோபெக் காலை வணக்கம் சொன்னான். செவெரின் எட்டாவது பொத்தானை அவன் பக்கம் தள்ளினான்.

கிங்கா கசகசா கேக்கைக் கீழே வைத்தாள். "காலை வணக்கத்துக்கு ஒண்ணா? நான் தும்மினா ரெண்டு தருவியா?"

மேசைக்கடியில் அவள் காலை உதைத்தேன்.

"ஏன்டி உதைக்கிற? நியாயத்தைத்தானே கேக்கறேன்."

இரெக் என்னைப் பார்த்தான். பிறகு செவெரினைப் பார்த்தான். முன்னால் கிடந்த எட்டுப் பொத்தான்களை வரிசையாக அடுக்கினான்.

"டோபெக் சுவரைப் பாக்கறான்," என்றான்.

"எப்படிப் பாக்கறான்?"

"சும்மா. சுவரைப் பாக்கற மாதிரி."

செவெரினின் கண் என்னிடம் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அதுல… ஒரு துக்கம் இருக்கு," என்று முனகிவிட்டு அவன் இன்னொரு பொத்தானை நகர்த்தினான்.

இரெக்குக்கு அது போதுமாயிருந்தது.

"சரி, ஆத்துமேல இருக்கற காவல் வாசலுக்குப் போறேன். காவல் தலைவன் படகுல என்னன்னு கேப்பான். உப்புக்கு அடியில ஆறு பேரு ஒளிஞ்சிருக்காங்க, பிள்ளைகுட்டிக்காரங்க, விட்டுருன்னு சொல்றேன்."

தலைவன் மனம் இளகுமா என்று உருட்டினான். நான்கு விழுந்தது, போதாது.

"கெழவா, ஒம்பது வெச்சிருக்கியே, மறுபடி உருட்டு," என்றாள் கிங்கா.

"இது எனக்குக் குடுத்தது இல்ல. என் நோய்க்குக் குடுத்தது." ஒன்பதையும் ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டான். "தலைவன் என்ன பண்றான், செவெரின்?"

செவெரின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொல்லுடா. இதையாவது ஒழுங்காச் சொல்லு."

செவெரின் சொன்னான். தாழ்ந்த குரலில், எதையும் குறைக்காமல். தலைவன் ஈட்டியை எடுத்தான். பதிலுக்கு இரெக்கின் டோபெக் படகின் கயிற்றை அறுத்து ஆறு பேரையும் நீரோட்டத்தில் விட்டுவிட்டுக் கரையிலேயே நின்று ஈட்டியை வாங்கிக்கொண்டான். எங்கள் மேசையில் அதைவிட நல்ல ஆட்டம் நான் பார்த்ததில்லை. செவெரினின் கை பழக்கத்தில் டப்பாவை நோக்கிப் போனது, பாதியில் நின்றது. இரெக் கோட்டை மாட்டிக்கொண்டான்.

டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் திரும்பாமலே கேட்டான். "நீ அவன்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"இல்ல."

"காலை உதைச்ச."

"கிங்கா உன்னைச் சீண்டறான்னு."

அவன் தலையசைத்தான். என்னை நம்ப வேண்டியிருந்தது அவனுக்கு. வீட்டில் சூப்பு ஊட்டுகிறவள் நான்தான்.

அதன் பிறகு அவன் செவெரினின் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை. மார்ச் மாதம் மருத்துவமனையில் சேர்த்தோம். செவெரின் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் இரெக், தூங்குவதாகச் சொல்லச் சொன்னான். இரண்டாவது முறை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று செவெரின் சொன்னான்: "நான் சொல்ல மாட்டேன். இந்த நேரத்துல அவனுக்கு நீ வேணும். ஆனா நீ சொல்லலாம், பொக்னா. நீ சொன்னா மன்னிச்சிருவான்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு இரெக் பத்தொன்பது நாள் இருந்தான். பேசக்கூடிய நாட்கள் பதினான்கு. எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவனாகவே கேட்டான்: "இத்தனை வருஷம் என்னைத் தோக்கடிச்சவன் ஏன் அப்படிப் பண்ணான்?" தலையணையைச் சரிசெய்தேன். தெரியவில்லை என்றேன்.

அடக்கத்துக்குப் பிறகு நடந்த சாப்பாட்டில், கோழி ரசம் பரிமாறும்போது, கிங்கா மேசைக்கு எதிரே இருந்த செவெரினிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீ பிச்சை போட்ட. அவன் அதை நெனச்சுக்கிட்டே செத்தான்." செவெரின் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வாய் திறந்திருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தட்டைக் காலிசெய்துவிட்டு, இரெக்கின் அண்ணனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனான். நான் கிங்காவுக்கு ரொட்டிக் கூடையை நகர்த்தினேன்.

அக்டோபரில்தான் கிங்காவிடம் சொன்னேன், தொலைபேசியில். அவள் கத்தவில்லை. "எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் முதல் தேதி, புனிதர்கள் தினம், கல்லறைகளில் விளக்கேற்றுகிற நாள். கூட்டம் வருவதற்கு முன் போய்விடலாம் என்று காலை ஏழு மணிக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். செவெரின் எனக்கும் முன்னால் வந்திருந்தான். கல்லின் மேல் விழுந்திருந்த இலைகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் வைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கிங்காகிட்ட சொல்லிட்டேன்," என்றேன். "நான்தான் உன்னைக் கேட்டேன்னு."

"வந்தா. மன்னிப்புக் கேட்டா." நிமிர்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "கிங்கா திட்டினது எனக்கு ஒண்ணும் பண்ணல."

"செவெரின், அந்தப் பத்தொம்பது நாளும்…"

"வேண்டாம், பொக்னா. உன் விளக்கை ஏத்து. நீ போனப்பறம் நான் வந்து நிக்கறேன்."

தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்துபோய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். என் தீக்குச்சிகள் ஈரமாகியிருந்தன. அவன் விளக்கிலிருந்து என் விளக்கைப் பற்றவைத்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். செவெரினுக்குக் குளிரும் என்று தோன்றியதும், அந்தப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.