சாராயக்கடை வாசலில் நின்ற சர்ச்

எங்கள் ஊர் சர்ச்சுக்கு வரலாறு எழுதுகிறோம் என்று போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். கட்டிய ஆண்டு, போதகர்களின் பெயர், கூரைத் தகடு மாற்றியது எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பழைய இடத்திலிருந்து மாடு பூட்டி இழுத்து வந்த சர்ச் என்பதையும் எழுதினார்கள். நின்றுபோன மாடுகள் எப்படி நகர்ந்தன என்று மட்டும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருக்க நான் என்ன ஊமையா?

வீல் கிரேஸ் செம்புச் சுரங்கம் ஓடிய காலத்தில், என் அப்பா ஒபதியா பெங்கெல்லியும் கடல் கடந்து வந்த மற்ற கார்ன்வால் சுரங்கக்காரர்களும் வேலை முடிந்த மாலைகளில் தங்கள் கையாலேயே கட்டிய மரச் சர்ச் அது. பிறகு செம்பு தீர்ந்தது. ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போனது. சர்ச் மட்டும் ஆட்டு மந்தைக்கு நடுவே நின்றது. ரயிலடியிலேயே புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்றவர்களிடம் அப்பா, "வீடு மாறினா அம்மாவையும் புதுசா பாத்துக்குவீங்களாடா?" என்று கேட்டு வாயை அடைத்தார். அப்படியே நெம்பித் தூக்கி, சக்கரத்தில் ஏற்றி இழுப்பது என்று முடிவாயிற்று.

சர்ச்சையே இழுக்கும் அளவுக்குப் பெரிய மாட்டு வரிசை வண்டிக்காரன் ரூபனிடம்தான் இருந்தது. அந்த ரூபனைத்தான் நான் கட்டிக்கொள்ள இருந்தேன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான். ஆனால் மாடுகளிடம் அவன் பேசும் பேச்சில் பால் திரிந்துவிடும். முன்னால் போகும் மாட்டுக்கு அவன் வைத்த பெயர் பிஷப். "உங்க சபைக்குத்தான் பிஷப் கிடையாதே, மாட்டுக்காவது இருக்கட்டும்" என்பான். அப்பாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"மோதிரம் போடுற வரைக்கும் உன் வாயில ஒரு கெட்ட வார்த்தை வரக்கூடாது. வந்தா பொண்ணு கிடையாது" என்றார் அப்பா. ரூபன் கையடித்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை சர்ச் புறப்பட்டது. மாலையில் ரயிலடியில், அதே சர்ச்சுக்குள், எங்கள் கல்யாணம். போதகர் ட்ரூஸ்காட் பல ஊர்களுக்கும் ஒரே ஆள். மறுநாள் விடிந்தால் அடுத்த ஊருக்குக் குதிரை ஏறிவிடுவார். ரூபனோ திங்கட்கிழமை கம்பளி மூட்டை வண்டிகளோடு வடக்கே போனால் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான். அன்றைக்கு விட்டால் அரை வருடம் நான் காத்திருக்க வேண்டும்.

பள்ளத்தை நோக்கிய பாதையில் மாடுகள் பழக்கத்தில் நடந்தன. பாதி வழியில் மிசஸ் ஹானரஹனின் சாராயக்கடை. அவள் தொட்டியில்தான் அவை எப்போதும் தண்ணீர் குடிக்கும். குடித்தன. பிறகு எதிரே இருந்த மேட்டைப் பார்த்தன. பிஷப் படுத்துக்கொண்டது.

"நடடா கண்ணு. நல்ல பிள்ளைல்ல?" என்று ரூபன் கெஞ்சினான். யார் இந்தப் புது ஆள் என்பதுபோல பிஷப் அவனைப் பார்த்தது. பாடகர் குழு நின்று பாடிப் பார்த்தது. மாடுகள் நிம்மதியாக அசைபோட்டன.

மிசஸ் ஹானரஹன் வெளியே வந்தாள். "என்னண்ணே, என் வாசலையே மிதிக்க மாட்டேன்னீங்க. இப்ப சர்ச்சையே கூட்டிட்டு வந்துட்டீங்க. வந்தது வந்தாச்சு, கல்யாணத்தை இங்கயே முடிச்சுடுங்க. இஞ்சி சோடா என் செலவு."

"சாராயக்கடை வாசல்லயா? அதுக்கு எம்பொண்ணு கன்னியாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாளை ஓய்வுநாள், எங்களில் ஒருவரும் கயிற்றைத் தொட மாட்டோம். சர்ச் அங்கேயே நிற்கும், குடிக்க வருகிறவர்கள் அதன் தூணில் குதிரை கட்டுவார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. "சாட்டையை எடுடா."

"சாட்டை அதுங்களுக்குத் தாலாட்டு மாமா. வார்த்தைதான் வேணும். சொல்லட்டுமா?"

"சொல்லு. பொண்ண மறந்துட்டுச் சொல்லு."

ரூபன் என்னைப் பார்த்தான். அந்த முரட்டு ஆளின் கண்ணில் தண்ணீர். எனக்கு வந்ததே கோபம். சத்தியம் செய்தவன் அவன்தானே, நானில்லையே?

கல்யாணப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிஷப்பின் முன்னால் போய் நின்றேன். நான் சொன்னதை எந்த அச்சகமும் அச்சிடாது. அதன் தாயில் தொடங்கி வாலில் முடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஷப் துள்ளி எழுந்தது. பின்னாலிருந்தவையெல்லாம் எழுந்தன. சர்ச் ஒரு குலுங்கு குலுங்கி மேடேறியது. குலுக்கலில் மணி தானாக அடித்தது. மிசஸ் ஹானரஹன் கைதட்டினாள். போதகர் என் சத்தத்தை அமுக்கப் பாட்டெடுத்தார், ஆனால் பிந்திவிட்டார். வழிநெடுக நான் வைதுகொண்டே போனேன். அத்தனை சந்தோஷமாக நான் எதுவும் செய்ததில்லை.

ரயிலடி சேர்ந்தோம். சர்ச் இன்னும் சக்கரத்தின் மேலேயே இருந்தது, ஏணி சாத்தியிருந்தார்கள். உள்ளே எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பீடத்தருகே ரூபன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். வாசலில் அப்பா என்னை நிறுத்தினார்.

"இந்தப் பேச்செல்லாம் அவன்தானே சொல்லிக் கொடுத்தான்? உண்மையச் சொல்லு, டாம்சின்."

"இல்லப்பா. இந்தச் சர்ச்சைக் கட்டுறப்ப உத்தரம் நழுவி உங்க கால்ல விழுந்துச்சே, அன்னிக்கு நான் கீழ ஆணி பொறுக்கிட்டிருந்தேன்."

அப்பா அண்ணாந்து அந்த உத்தரத்தைப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரூபன் பக்கத்தில் என்னை விட்டுவிட்டுத் திரும்பும்போது என் காதருகே குனிந்தார்.

"நடுவுல ஒரு வார்த்தையை விட்டுட்ட, டாம்சின்."