போவதும் வருவதும்

மதியம் இரண்டேகால் மணிக்கு அவள் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, அது திரையில் வந்து சேருவதற்காகக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். நான்கில் முதல் எழுத்து தலைகாட்டியது. பின்னாலேயே மற்றவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து விழுந்தன. ஹெட்போனில் டாக்டர் அதற்குள் அடுத்த வாக்கியத்தின் பாதியில் இருந்தார். ஸ்கேன் பார்த்த டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்வதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பதிவுகளும் அறிக்கைகளும் அலுவலகத்து சர்வரில் இருந்தன. வீட்டுக் கணினி அதை எட்டிப் பார்க்கிற ஜன்னல், அவ்வளவுதான். மூன்று வாரமாக அந்த ஜன்னல் முக்கி முனகித்தான் திறந்தது. ஒரு நாளைக்கு முப்பது அறிக்கை முடிப்பவள் நேற்று பதினொன்று முடித்திருந்தாள்.

எண்ணிக்கை குறைந்ததைக்கூட மன்னித்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் பெரிய தப்பு. ஒரு சொல்லைத் தப்பாக அடித்துவிட்டு அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒன்றும் நகரவில்லை. அழுத்தவில்லையோ என்று இன்னும் நாலைந்து தடவை அழுத்தினாள். அத்தனையும் மொத்தமாகப் போய்ச் சேர்ந்து, பக்கத்தில் இருந்த 'இல்லை'யையும் விழுங்கிவிட்டன. ஈரலில் கட்டி இல்லை என்று டாக்டர் சொன்ன யாரோ ஒருவருக்கு அவள் கையால் கட்டி வந்துவிட்டது. டாக்டரின் கையெழுத்துக்குப் போவதற்கு முன்னால் மேற்பார்வை மேடம் கண்டுபிடித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள உங்க லைன் சரியாகணும். இல்லன்னா திங்கள்லேர்ந்து ஆபீஸ் வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். இன்று வியாழன்.

அலுவலகம் போவதென்றால் வேலையும் போக வரவும் சேர்த்துப் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரமும் வீட்டில் அவள் கணவன் தனியாக இருப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடங்களில் கம்பி வடத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லுகிறவன். பதினொரு மாதத்துக்கு முன்னால் முதல் வலிப்பு வந்தது. அதோடு ஏணிகூட ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை ஓடிக்கொண்டிருந்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்துவிடும். ஒரு நாள் அவள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது குளியலறைத் தரையில் கிடந்தான். குழாய் திறந்தபடி இருந்தது, உதடு கிழிந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கிடந்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை. தண்ணீர் இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தால் என்ற நினைப்பு அவளுக்கு இன்றைக்கும் பல் தேய்க்கும்போது வரும். அதற்குப் பிறகுதான் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினாள். நோயாளிகளின் விவரம் என்பதால் தனி அறை, சாத்திய கதவு, திரையை வேறு ஒரு கண் பார்க்கக்கூடாது என்று மூன்று நிபந்தனை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் அறையில் ஒரு சின்ன கேமரா வாங்கி மாட்டினாள். தன் போனை விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, ஒரு கண் திரையிலும் ஒரு கண் அவன் மேலுமாக ஏழு மாதம் ஓட்டிவிட்டாள்.

சாப்பாட்டு வேளையில் அவன் கேட்டான். "என்ன, சர்வர் இன்னும் வரலையா? ஆர்டர் எடுத்துட்டுப் போனவன் ஆளையே காணோமா?"

"உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான்" என்றாள். சிரித்தும் வைத்தாள். திங்கட்கிழமைச் சமாசாரத்தை அவனிடம் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு சிஸ்டம் அக்கா கூப்பிட்டாள். அலுவலகத்துக் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவள். முதலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளிடம் ஒரு நல்ல குணம், எதையும் கோபப்படாமல் கேட்பாள். ஒரு பயமுறுத்துகிற குணம், கேட்டதை மறக்க மாட்டாள். வைஃபையை விட்டுவிட்டு வயரில் போடு என்றாள். போட்டாள். இன்டர்நெட் பெட்டியை அணைத்து முப்பது எண்ணிவிட்டுப் போடு என்றாள். எண்ணினாள். அங்கிருந்து என்னென்னவோ அனுப்பிப் பார்த்தாள், இவள் திரையில் ஓடும் எண்களைப் படித்துக் காட்டச் சொன்னாள். அக்கா எங்கேயோ பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தட்டுவது நின்றது.

"உனக்கு வர்றது நல்லாத்தான் வருதும்மா. போறதுதான் அடைக்குது. உன் வீட்டுலேர்ந்து ஏதோ ஒண்ணு ஓயாம வெளிய போய்க்கிட்டே இருக்கு."

அவள் கண் தன் போனில் இருந்த சதுரத்துக்குப் போனது. கேமரா என்று உடனே தெரிந்துவிட்டது. பக்கத்து அறையில் இருப்பதைப் பார்ப்பதற்குக்கூடப் படம் வெளியே எங்கேயோ போய்த்தான் திரும்பி வருமாம், அக்கா விளக்கினாள். அவள் பொத்தானை அழுத்தினால் அந்த அழுத்தம் இந்தப் படத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். "ரெண்டு நிமிஷம் அதை நிறுத்து. பாக்கலாம்."

நிறுத்தினாள். போனில் கட்டிலும் போர்வையும் அவன் காலும் இருந்த இடம் கறுப்பானது. ஏழு மாதத்தில் பகல் வேளையில் அந்தச் சதுரம் கறுத்தது இதுதான் முதல் தடவை. ஒரு எழுத்தைத் தட்டினாள். ஒன்று எண்ணுவதற்குள் வந்துவிட்டது.

"போறதுல பாதி குறைஞ்சிடுச்சு. மீதி பாதி எங்க?" என்றாள் அக்கா. "இன்னொண்ணும் போகுது. அதுவும் வீடியோ மாதிரிதான் இருக்கு. உன் பெட்டியில யார் யாரு இருக்காங்கன்னு ஒரு பட்டியல் வரும், அதைத் திற."

பட்டியலில் நான்கு வரி இருந்தது. முதல் வரி கணினி. இரண்டாவது அவள் போன். மூன்றாவது இப்போது நிறுத்திய கேமரா. நான்காவதில் புரியாத எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர். அவனுடைய போனாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் தன் போனுக்கு டேட்டா போட்ட காசை வீணாக்கக்கூடாது என்று வைஃபையைத் தொடுவதில்லை, அது தனிக் கணக்கு.

"என்னன்னு தெரியலக்கா."

"தெரியலன்னா எப்படிம்மா. வெளியாள் யாராவது உன் லைன்ல உக்காந்திருந்தா நான் எழுதிக் குடுக்கணும். எழுதிட்டா இன்னிக்கே உன் இணைப்ப வெட்டிருவாங்க, என் கையில இல்ல. அஞ்சு நிமிஷம் தரேன், தேடு."

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஆறடிக்கு எட்டடி அறை. மேசை, நாற்காலி, சுவரோடு ஒரு அலமாரி. யார் எங்கே உட்கார்ந்திருக்க முடியும். இருந்தும் அந்தப் பழகிய அறையில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மின்சாரப் பலகையில் மூன்று பிளக்குகள் இருந்தன. அவளுக்குத் தெரிந்தவை இரண்டு. மூன்றாவதின் வெள்ளை வயர் அலமாரிக்குப் பின்னால் நுழைந்து மேலே ஏறியது. நாற்காலியில் ஏறினாள். மேல் தட்டில் பழைய கோப்புகளுக்கும் தையல் டப்பாவுக்கும் நடுவில், கண்ணாடி உடைந்ததால் மேசை டிராயரில் போட்டுவைத்த அவர்களுடைய பழைய போன் நின்றுகொண்டிருந்தது. அதன் லென்ஸ் நேராக அவள் நாற்காலியைப் பார்த்தது. நாற்காலியை மட்டுமா, திரையையும் பார்த்தது. எத்தனையோ பேருடைய ஈரலும் நுரையீரலும் பெயரும் வயதும் அதில் இருந்தன.

கால் வழுக்காமல் எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கையில் அவனுடைய போன் இருந்தது. அதில் அவளுடைய நாற்காலி தெரிந்தது, காலியாக, இன்னும் லேசாகச் சுழன்றபடி.

"நீ எழுந்து எங்க போனேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான். மறைக்கவில்லை, மறைக்க நேரமும் இல்லை.

"என்னங்க இது. இது மட்டும் தெரிஞ்சா இன்னிக்கே வேலை போயிடும். என்ன நினைச்சுக்கிட்டு இப்படிப் பண்ணீங்க? என்னை வேவு பாக்கறீங்களா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான். "மூணு வாரத்துக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு. காலைல. உன்கிட்ட சொல்லல."

"எப்ப? நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

"நீ பாக்கல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மணி பத்தாகிறது என்பது போலச் சொன்னான். அவளுக்குத்தான் நெஞ்சில் ஏதோ கழன்று கீழே போனது. அந்தக் காலையில் அவள் எந்த டாக்டரின் எந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. ஒரு முழம் தள்ளி அந்தச் சின்னச் சதுரத்தில் அவன் வெட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான், அவள் அடுத்த அறிக்கையைத் திறந்திருக்கிறாள்.

"முழிச்சுப் பாத்தா எங்க இருக்கேன்னே தெரியல" என்றான். "இது யாரு கட்டில், யாரு வீடு, ஒண்ணும் புரியல. என் பேரு கூட வரல. உன்னைக் கூப்பிடணும்னா உன் பேரும் வரணுமில்ல? அப்படியே எவ்வளவு நேரம் கிடந்தேனோ. பயந்துட்டேன். அதுக்கப்புறம்தான் இதை வெச்சேன். முழிச்ச உடனே கையில இது இருக்கும். உன் முதுகு தெரியும். இது நம்ம வீடுதான்னு கொஞ்சம் கொஞ்சமா வந்துரும்."

"கூப்பிட்டிருக்கலாமே" என்றாள், அவன் இப்போதுதான் அதற்குப் பதில் சொல்லியிருந்தாலும்.

"உன் திரையில இருக்கற எழுத்தையெல்லாம் நான் படிக்கலம்மா. எனக்கு உன் முதுகு போதும்."

போன் அடித்தது. ஐந்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது.

"கிடைச்சிருச்சுக்கா" என்றாள். "எங்க பழைய போன்தான். அவரு அதுல படம் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

அந்தப் பக்கம் பேனா தட்டும் சத்தம் இல்லை. பின்னால் யாரோ நடந்து போனார்கள், ஒரு கதவு சாத்தியது.

"படம் பாத்தா அது வர்றதும்மா" என்றாள் அக்கா மெதுவாக. "இது போறது."

அவன் கட்டிலில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க தெருவுக்கு இதுக்கு மேல வேகம் வர இன்னும் மூணு மாசம் ஆகும், கேட்டுப் பாத்துட்டேன்" என்றாள் அக்கா. "ரெண்டையும் தாங்காது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் பாப்பேன். ஒண்ணுதான் இருக்கணும். எதுன்னு நான் கேக்கல. அதோட மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னும் கேக்கல. நீ பாத்துக்க." வைத்துவிட்டாள். எழுதுவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. மறக்க மாட்டாள் என்பது மட்டும் தெரியும்.

அன்று சாயந்தரம் முழுக்க இருவரும் அதையே பேசினார்கள். அவளுடைய கேமராவை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் பிடிவாதம் பிடித்தாள். "நீ வேலையும் பாத்துக்கிட்டு என்னையும் பாக்கணும். எனக்கு ஒரே வேலைதான்" என்றான் அவன். மூன்று வாரத்துக்கு முந்தைய காலை நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அவன்தான் வழி சொன்னான். பழைய போனைத் திரைக்குப் பின்னால், அவள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைப்பது. கால் மணிக்கொரு தரம் அவள் கையைத் தூக்குவது. அவன் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறேன் என்பதற்கு நடுச்சுவரில் இரண்டு தட்டு தட்டுவது. "பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட கேக்கற மாதிரி கையத் தூக்கு. போய்ட்டு வான்னு தட்டறேன்" என்றான். ஒத்திகை பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கியதும் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்ச் சேர மூன்று எண்ண வேண்டியிருந்தது. நான்கில் தட்டு கேட்டது.

வெள்ளிக்கிழமை எழுத்துகள் விரலோடு வந்தன. தட்டினால் இருந்தன. அழித்தால் அழித்தது மட்டும் போனது. பத்து மணிக்கு அக்காவிடமிருந்து 'சரி' என்று ஒரு சொல் வந்தது. பதினொரு மணிக்குள் ஒன்பது அறிக்கை முடித்திருந்தாள். 'இன்னிக்கு நல்லா ஓடுதே, இப்படியே இருக்கட்டும்' என்று மேடம் எழுதியிருந்தார். கால் மணிக்கொரு தரம் கையைத் தூக்கினாள். மூன்று எண்ணினாள். நான்கில் இரண்டு தட்டு. லிஃப்ட் வேலை பார்த்த கை, சுவரில் படுவதே தனியாகத் தெரியும். விசைப்பலகைக்குப் பக்கத்தில் போன் சாய்ந்திருந்த இடத்தை மட்டும் அவள் பார்க்காமல் இருக்கப் பழக வேண்டியிருந்தது.

பதினொன்றேகாலுக்குக் கையைத் தூக்கினாள். காதில் டாக்டர் இடது சிறுநீரகத்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு. படம் சில சமயம் தாமதமாகும். ஐந்து. ஹெட்போனில் கேட்காமல் போயிருக்கும் என்று அதை ஒரு கையால் கழற்றினாள். ஆறு. டாக்டரின் குரல் மேசைமேல் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பான், எழுந்தால் செருப்புச் சத்தம் கேட்குமே. ஏழு. திரைக்குப் பின்னால் இருந்த பழைய போனின் உடைந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, தூக்கிய கையை இறக்காமல், ஒன்றைப் பார்க்காவிட்டால் இரண்டையாவது பார்க்கட்டும் என்று இன்னொரு கையையும் தூக்கினாள்.